பழைய இரும்புக்குப் புதிய நரம்பு: சர்வோ மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு பட்டறையின் மூலையில் முப்பது ஆண்டுப் பழைய மில்லிங் இயந்திரம் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுழலும் வெட்டுக்கருவியின் கீழே உலோகத் துண்டை நகர்த்தி, வேண்டிய வடிவத்திற்குச் செதுக்கும் இயந்திரம் அது. எடை ஏறக்குறைய ஒரு டன். வார்ப்பிரும்பு உடலில் விரிசல் இல்லை. மேசை வழுக்கிச் செல்லும் தடங்களும் பெரிதாகத் தேயவில்லை. ஆனால், அதை இயக்கிய மின்னணுப் பெட்டி செயலிழந்துவிட்டது. அதற்கான உதிரிப் பலகைகளை இப்போது யாரும் தயாரிப்பதில்லை.

பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டு விற்றுவிடலாமா? வேண்டாம். இந்த இயந்திரத்தின் எலும்புக்கூடு நலமாக இருக்கிறது. கெட்டுப்போனது நரம்பு மண்டலம் மட்டுமே. பழைய மோட்டார்களைக் கழற்றிவிட்டுப் புதிய சர்வோ மோட்டார்களையும், அவற்றுக்கு ஆணையிடும் இயக்கக் கட்டுப்பாட்டுக் கருவியையும் பொருத்தினால் அது மீண்டும் சிஎன்சி இயந்திரமாக வேலை செய்யும். சிஎன்சி என்பது கணினிவழி எண் கட்டுப்பாட்டைக் குறிக்கும் சொல்.

எண் கட்டுப்பாட்டின் வரலாறே இப்படிப்பட்ட ஒரு மறுசீரமைப்பில்தான் தொடங்கியது. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் சுழல் இறக்கைகள் செய்துவந்த ஜான் பார்சன்ஸ், எண்களைக் கொண்டு இயந்திரத்தை இயக்கும் யோசனையை முன்வைத்தார். அதன் தொடர்ச்சியாக மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், ஏற்கெனவே இருந்த சின்சினாட்டி நிறுவனத்தின் மில்லிங் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து 1952இல் இயக்கிக் காட்டினார்கள். துளையிட்ட காகித நாடா அதற்கு ஆணைகளைத் தந்தது.

சரி, நம் இயந்திரத்திற்கு எந்த மோட்டாரை வாங்குவது? "இருப்பதிலேயே பெரியதாக வாங்கிவிட்டால் போயிற்று" என்று சிலர் நினைப்பார்கள். இயற்பியல் அதை ஏற்றுக்கொள்வதில்லை. மோட்டார் பட்டியலை மூடி வைத்துவிட்டு, மேசையிலிருந்து கணக்கைத் தொடங்குவதே சரியான வழி.

சர்வோ என்பது யார்?

'சர்வோ' என்ற சொல்லின் வேர், பணியாள் என்று பொருள்படும் லத்தீன் சொல். சொன்ன வேலையைச் செய்துவிட்டு, செய்ததைத் திரும்ப வந்து சொல்லும் பணியாள் என்று இதை எண்ணிக்கொள்ளலாம். மோட்டாரின் பின்புறம் என்கோடர் என்ற உணரி இருக்கிறது. தண்டு எவ்வளவு சுழன்றது என்பதை அது ஓயாமல் அளந்து சொல்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிரைவ் என்ற கருவி, போகச் சொன்ன இடத்தையும் போய்ச் சேர்ந்த இடத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் உடனே திருத்துகிறது. இதுவே பின்னூட்டம்.

சிறிய முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் இருக்கும் ஸ்டெப்பர் மோட்டார் வேறு வகை. ஒவ்வொரு மின்துடிப்புக்கும் அது ஒரு படி நகரும். வழக்கமாக அதற்குப் பின்னூட்டம் கிடையாது. சுமை அதிகமாகி ஒரு படி தவறினால், தவறியது யாருக்கும் தெரியாது. அடுத்து வெட்டப்படும் இடமெல்லாம் தவறாகவே அமையும். வேகம் கூடக் கூட அதன் முறுக்குவிசையும் குறைந்துகொண்டே போகும். ஒரு டன் இயந்திரத்தில் எஃகை வெட்டும்போது இந்த இரண்டு குறைகளும் பெரிதாகத் தெரியும். அதனால்தான் சர்வோவை நாடுகிறோம்.

முதல் கேள்வி: எவ்வளவு வேகம்?

மேசையை நகர்த்துவது பால் ஸ்குரூ எனப்படும் திருகு. திருகுக்கும் அதன் மரைக்கும் இடையில் சிறு எஃகுக் குண்டுகள் உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. தரப்படும் ஆற்றலில் ஏறக்குறைய 90 விழுக்காடு பயன்படும் வேலையாக மாறும்.

நம் திருகு ஒரு சுற்று சுற்றினால் மேசை 5 மில்லிமீட்டர் நகரும் என்று கொள்வோம். மேசை நிமிடத்திற்கு 10 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 10 மீட்டர் என்பது 10,000 மில்லிமீட்டர். அதை 5ஆல் வகுத்தால் 2,000. ஆக, திருகு நிமிடத்திற்கு 2,000 சுற்றுகள் சுழல வேண்டும். பொதுவான சர்வோ மோட்டார்களின் நிர்ணய வேகம் 2,000 அல்லது 3,000 சுற்றுகள். எனவே பல்சக்கரம் எதுவும் இல்லாமல் மோட்டாரை நேரடியாகத் திருகுடன் இணைக்கலாம்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு முறுக்குவிசை?

மேசை, அதன் மேலுள்ள பிடிப்பான், உலோகத் துண்டு எல்லாம் சேர்ந்து 200 கிலோகிராம். எண்ணெயிட்ட தடத்தின் உராய்வுக் கெழு 0.1 என்றால், உராய்வு விசை ஏறக்குறைய 200 நியூட்டன். வெட்டும்போது எதிர்க்கும் விசை 1,500 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,700 நியூட்டன்.

முறுக்குவிசை = விசை × ஒரு சுற்றில் நகரும் தூரம் ÷ (2 × பை × செயல்திறன்)

அதாவது 1,700 × 0.005 ÷ (2 × 3.14 × 0.9). விடை சுமார் 1.5 நியூட்டன் மீட்டர்.

இவ்வளவு சிறிய எண்ணா என்று வியப்பாக இருக்கிறதா? கார் பழுதுபார்ப்பவர் ஒரு சிறிய ஜாக்கியைக் கையால் சுழற்றிக் காரையே தூக்குகிறாரே, அதே தத்துவம்தான் இங்கும். திருகு பல சுற்றுகள் சுழன்று சிறு தூரமே நகர்த்துகிறது. தூரத்தை விட்டுக்கொடுத்து விசையைப் பெறுகிறோம்.

மோட்டார் பட்டியலில் இரண்டு முறுக்குவிசை அளவுகள் இருக்கும். ஒன்று, நாள் முழுவதும் சூடேறாமல் தரக்கூடிய நிர்ணய அளவு. மற்றொன்று, சில நொடிகளுக்கு மட்டுமே தரக்கூடிய உச்ச அளவு. இது பெரும்பாலும் முதலாவதைப்போல் மூன்று மடங்கு. வெட்டும் வேலை நெடுநேரம் நீடிக்கும் என்பதால் 1.5 என்ற எண்ணை நிர்ணய அளவுடன் ஒப்பிட வேண்டும். வேகமெடுப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் என்பதால் அதை உச்ச அளவுடன் ஒப்பிடலாம்.

மூன்றாவது கேள்வி: உண்மையான சுமை எது?

பலர் சறுக்கும் இடம் இதுதான். நிற்கும் பொருள் நகர மறுப்பதும், நகரும் பொருள் நிற்க மறுப்பதும் நிலைமம். சுழலும் பொருளுக்கும் இது உண்டு. அதைச் சுழற்சி நிலைமம் என்போம். நிறை மட்டுமல்லாமல், அந்த நிறை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் இதைத் தீர்மானிக்கிறது.

ஒரு கேள்வி. மோட்டாருக்கு எது பெரிய சுமையாகத் தெரியும்? 200 கிலோ மேசையா, அதை நகர்த்தும் மெல்லிய திருகா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மேசை: நேர்கோட்டில் நகரும் நிறையை மோட்டார் உணரும் சுழற்சி நிலைமமாக மாற்ற, ஒரு சுற்றில் நகரும் தூரத்தை 2 பையால் வகுத்து, வர்க்கப்படுத்தி, நிறையால் பெருக்க வேண்டும். 0.5 சென்டிமீட்டரை 6.28ஆல் வகுத்தால் 0.0796. இதன் வர்க்கத்தை 200ஆல் பெருக்கினால் சுமார் 1.3 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர்.

திருகு: 32 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட எஃகுத் தண்டு என்று கொண்டால், அதன் நிறை சுமார் 6.3 கிலோ. நிறை × ஆரத்தின் வர்க்கம் ÷ 2. அதாவது 6.3 × 1.6 × 1.6 ÷ 2. விடை சுமார் 8.1.

ஆறு கிலோ திருகு, இருநூறு கிலோ மேசையைவிட ஆறு மடங்கு பெரிய சுமை! மேசை மெதுவாக நகர, திருகோ நிமிடத்திற்கு 2,000 முறை சுழல வேண்டியிருக்கிறது. அதுதான் காரணம். தண்டின் சுழற்சி நிலைமம் விட்டத்தின் நான்காம் அடுக்கிற்கு ஏற்ப வளரும். 32க்குப் பதில் 25 மில்லிமீட்டர் திருகைப் போட்டால் 8.1 என்பது 3.0 ஆகக் குறைந்துவிடும். அதற்காக மிகவும் மெல்லியதாகவும் போக முடியாது. நீளமான மெல்லிய தண்டு வேகமாகச் சுழலும்போது கயிறுபோல் துள்ளும்.

இரண்டு மோட்டார்கள், ஒரு தீர்ப்பு

நம் சுமையின் மொத்தச் சுழற்சி நிலைமம் 1.3 + 8.1 = 9.4. இப்போது பட்டியலைத் திறக்கலாம். பரவலாகக் கிடைக்கும் இரண்டு வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது: 750 வாட், 3,000 சுற்று. நிர்ணய முறுக்குவிசை 2.4 நியூட்டன் மீட்டர். அதன் சுழலியின் நிலைமம் ஏறக்குறைய 1.1.

இரண்டாவது: 1,000 வாட், 2,000 சுற்று. நிர்ணய முறுக்குவிசை 4.8 நியூட்டன் மீட்டர். சுழலியின் நிலைமம் ஏறக்குறைய 8.4.

வெட்டுவதற்குத் தேவை 1.5 மட்டுமே. இரண்டும் போதும். பத்தில் ஒரு நொடியில் முழு வேகத்தை எட்ட வேண்டுமென்றால், முதலாவதற்குச் சுமார் 2.4, இரண்டாவதற்குச் சுமார் 3.9 நியூட்டன் மீட்டர் தேவைப்படும். பெரிய மோட்டார் தன் உடலையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருப்பதால் அதற்குக் கூடுதல் தேவை என்பதைக் கவனியுங்கள். இரண்டுமே உச்ச அளவுக்குள் அடங்கிவிடுகின்றன.

வித்தியாசம் நிலைம விகிதத்தில் இருக்கிறது. முதலாவதில் சுமை சுழலியைப்போல் எட்டரை மடங்கு. இரண்டாவதில் ஏறக்குறைய ஒரு மடங்கு. செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட கழியை ஒரு சிறுவன் பிடித்திருப்பதைக் கற்பனை செய்யுங்கள். நுனி இடப்பக்கம் சாய்ந்தால் அவன் வலப்பக்கம் இழுப்பான், அது அளவுக்கு மீறி வலப்பக்கம் போகும், மறுபடி இழுப்பான். அதே கழி வலுவான ஆளின் கையில் ஆடாமல் நிற்கும். சிறிய சுழலி பெரிய சுமையைக் கட்டுப்படுத்தும்போதும் இந்த ஊசலாட்டம் வரலாம். வெட்டிய பரப்பில் அது அலை அலையான கோடுகளாகப் பதியும். உலோகம் வெட்டும் இயந்திரங்களில் இந்த விகிதத்தை ஐந்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல்.

அப்படியானால் 750 வாட் மோட்டார் பயனற்றதா? இல்லை. பல்லுள்ள பட்டையும் இரண்டு கப்பிகளும் கொண்டு வேகத்தை இரண்டில் ஒன்றாகக் குறைத்தால், மோட்டார் உணரும் நிலைமம் நான்கில் ஒன்றாகிவிடும். விகிதமும் இரண்டை ஒட்டி இறங்கும். ஆனால் 3,000 சுற்றுகளில் மேசையின் வேகம் நிமிடத்திற்கு 7.5 மீட்டர் மட்டுமே. ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டும். அந்த வேகம் போதும் என்றால் சிறிய மோட்டாரே சிக்கனமான தேர்வு.

எண்களில் ஏமாறாதீர்கள்

விளம்பரங்களில் '17 பிட் என்கோடர்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஒரு சுற்றை 1,31,072 பகுதிகளாகப் பிரித்தறியும் என்பது இதன் பொருள். 5 மில்லிமீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு மைக்ரோனில் 25இல் ஒரு பங்கு! ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆனால் என்கோடர் பார்ப்பது மோட்டாரின் தண்டை, மேசையை அல்ல. விலை குறைந்த சி7 தரத் திருகில், 300 மில்லிமீட்டர் நீளத்திற்கு 50 மைக்ரோன் வரை பிழை இருக்கலாம். திருகுக்கும் மரைக்கும் இடையே தளர்வு இருந்தால், திசை மாறும்போது மோட்டார் சிறிது தூரம் வெறுமனே சுழலும். மோட்டார் தன் இடத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்க, மேசையோ வேறிடத்தில் நிற்கும். தேய்ந்த திருகை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த என்கோடர் வாங்குவது, ஓட்டைக் குடத்தில் அளவுகோடு போடுவதற்குச் சமம்.

ஆணையிடும் மூளை

இனி இயக்கக் கட்டுப்பாட்டுக் கருவி. வட்டம் ஒன்றை வெட்ட வேண்டுமென்றால், இரண்டு மோட்டார்கள் ஒவ்வொரு கணமும் வெவ்வேறு வேகத்தில், ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்திசைந்து ஓட வேண்டும். ஒன்று மற்றதைவிடச் சற்றே பின்தங்கினாலும் வட்டம் சாய்ந்த முட்டை வடிவமாகிவிடும். ஒவ்வோர் அச்சும் எந்தக் கணத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று கணித்துச் சொல்வதே இக்கருவியின் வேலை.

சாதாரணக் கணினியே இதைச் செய்யாதா? நம் மேசை முழு வேகத்தில் ஓடும்போது, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 0.17 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். வழக்கமான கணினி வேறு ஏதோ வேலைக்காக 20 மில்லிநொடி தாமதித்தால் நாம் கவனிக்கக்கூட மாட்டோம். ஆனால் மேசை அதற்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் போயிருக்கும். ஆகவே, குறித்த நேரத்தில் தவறாமல் கணக்கை முடிக்கும் 'நிகழ்நேர' அமைப்பு தேவை. சராசரி வேகத்தைவிட நேரம் தவறாமையே இங்கு முக்கியம்.

அடுத்து, ஆணை எந்த வடிவில் போகிறது என்று பார்க்க வேண்டும். மறுசீரமைப்புகளில் மூன்று வழிகளைக் காணலாம். முதலாவது மின்துடிப்பு. ஒரு துடிப்புக்கு ஒரு சிறு நகர்வு. ஒரு சுற்றுக்கு 10,000 துடிப்புகள் என்றால், நொடிக்கு 33.3 சுற்றுகளுக்கு 3,33,000 துடிப்புகள் தேவை. கணினியின் பழைய அச்சுப்பொறித் துறை வழியாக மென்பொருளால் மட்டும் இவ்வளவு வேகமாகத் துடிப்புகளைத் தர இயலாது. அதற்கெனத் தனி மின்னணு அட்டை வேண்டும். அல்லது டிரைவில் அமைப்பை மாற்றி, ஒரு சுற்றுக்கு 2,000 துடிப்புகள் என்று வைக்கலாம். அப்போது நொடிக்கு ஏறக்குறைய 67,000 போதும். ஒரு துடிப்புக்கு 2.5 மைக்ரோன் நகர்வு. பெரும்பாலான வேலைகளுக்கு இது தாராளம்.

இரண்டாவது, கூட்டல் கழித்தல் 10 வோல்ட் மின்னழுத்தத்தால் வேகத்தைச் சொல்வது. பழைய டிரைவ்கள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை வைத்துக்கொள்ள இது உதவும். மூன்றாவது, ஈதர்கேட் போன்ற பிணைய முறை. எல்லா மோட்டார்களும் ஒரே வகைக் கம்பிவடத்தில் வரிசையாக இணைகின்றன. கம்பிகள் குறைவு, தகவல் அதிகம். ஆனால் கட்டுப்பாட்டுக் கருவியும் டிரைவும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளுமா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும்.

மென்பொருளில் இலவசமான தேர்வும் உண்டு. 1990களில் அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய கட்டுப்பாட்டு மென்பொருளின் வழித்தோன்றல்தான் இன்றைய லினக்ஸ்சிஎன்சி. உலகெங்கும் பழைய இயந்திரங்களுக்கு உயிரூட்ட இது பயன்படுகிறது.

எந்தக் கருவியானாலும் ஒரு வசதி கட்டாயம் இருக்க வேண்டும். போகச் சொன்ன இடத்திற்கும் போன இடத்திற்கும் உள்ள வித்தியாசம் குறித்த அளவைத் தாண்டினால், எல்லா அச்சுகளையும் உடனே நிறுத்த வேண்டும். வெட்டுக்கருவி எங்கோ மோதிவிட்டது என்பதை இயந்திரம் முதலில் அறிவது இதன் மூலம்தான்.

விரல்கள் பத்திரம்

மோட்டார் வேலை செய்யத் தொடங்குமுன் பாதுகாப்பு வேலை செய்ய வேண்டும். மூன்று விதிகளை நினைவில் வையுங்கள்.

முதல் விதி: செங்குத்து அச்சுக்குத் தடை உள்ள மோட்டார். சாதாரணத் திருகில் உராய்வு அதிகம் என்பதால் மின்சாரம் போனாலும் பாரம் அப்படியே நிற்கும். பால் ஸ்குரூவில் அந்த உராய்வு இல்லை. 80 கிலோ எடையுள்ள தலைப்பகுதி திருகைத் தானே சுழற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடும். கீழே யாருடைய கையும் இருக்கலாம். மின்சாரம் உள்ளபோது விடுவித்து, மின்சாரம் போனதும் சுருள்வில்லால் இறுகப் பிடிக்கும் தடைதான் இதற்குத் தீர்வு.

இரண்டாவது விதி: அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளை நம்பி இருக்கக்கூடாது. அழுத்தியதும் மோட்டார்களின் முறுக்குவிசையை நேரடி மின்சுற்று வழியாகவே துண்டிக்க வேண்டும். கணினி உறைந்துபோன நேரத்தில்தான் அந்தப் பொத்தான் அதிகம் தேவைப்படும்!

மூன்றாவது விதி: எல்லைச் சுவிட்சுகள் வழக்கமாக மூடிய சுற்றாக இருக்க வேண்டும். மேசை எல்லையைத் தொட்டால் சுற்று அறுபடும். கம்பியை எலி கடித்தாலும் சுற்று அறுபடும். இரண்டிலும் இயந்திரம் நின்றுவிடும். மாறாக, தொடும்போது மூடும் சுற்றாக வைத்தால், கம்பி அறுந்தது தெரியாமலேயே மேசை ஓடிப்போய் மோதும்.

இந்த வேலைகளில் 230 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் டிரைவுக்குள் இருக்கும் மின்தேக்கிகள் சில நிமிடங்கள் ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். தகுதிபெற்றவரின் மேற்பார்வையில் மட்டுமே கைவைக்க வேண்டும்.

வரிசை முக்கியம்

முதலில் இரும்பையும் திருகையும் சோதியுங்கள். பிறகு வேகம், விசை, நிலைமம். அதன் பின் மோட்டார், டிரைவ், கட்டுப்பாட்டுக் கருவி. தலைகீழாகத் தொடங்கி, மலிவாகக் கிடைத்த மோட்டாரை வாங்கி வந்து இயந்திரத்தை அதற்கேற்ப வளைத்தவர்கள் பெரும்பாலும் இரண்டு முறை செலவு செய்திருப்பார்கள்.

வகுப்பில் படிக்கும் நிலைமம், உராய்வு, முறுக்குவிசை எல்லாம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தால், அந்தப் பட்டறை மூலையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒரு டன் இரும்பு உலைக்குப் போவதா, மீண்டும் வேலைக்குப் போவதா என்பதை நாம் மேலே போட்ட சில வரிக் கணக்குகளே முடிவு செய்கின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

திருகு ஒரு சுற்றுக்கு 5க்குப் பதிலாக 10 மில்லிமீட்டர் நகர்த்தினால், (1) மோட்டாரின் வேகம், (2) வெட்டும்போது தேவைப்படும் முறுக்குவிசை, (3) மேசையின் நிலைமம் ஆகியவை எப்படி மாறும்?

விடை: (1) நிமிடத்திற்கு 1,000 சுற்றுகளாகப் பாதியாகும். (2) சுமார் 3 நியூட்டன் மீட்டராக இரட்டிக்கும். (3) நான்கு மடங்காகி, சுமார் 5.1 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர் ஆகும். இப்போது சொல்லுங்கள்: 750 வாட் மோட்டாரை நேரடியாக இணைத்தால் தாங்குமா?